ஒரு சாண் தள்ளி

குருவும் சிஷ்யனும்னு சொன்னதுமே உங்க மனசுல ஒரு ஆலமரம் முளைச்சிருக்கும். அடியில ஒரு தாடி. தாடிக்கு முன்னால கண்ணை மூடிக்கிட்டு ஒரு பையன். அவன் இப்ப, "சுவாமி, நான் யார்?"னு கேப்பான்னு காத்துட்டிருப்பீங்க.

ஏமாந்தீங்க. இங்க குருவுக்குத் தாடி கிடையாது. பேரு ரெஜினா, வயசு முப்பத்தொண்ணு. கோயமுத்தூர்ல ஒரு பம்புசெட் கம்பெனியில கம்ப்யூட்டர் செக்‌ஷன் மொத்தமும் அவங்கதான். சிஷ்யருக்கு நாப்பத்தொன்பது. பேரு மருதாசலம். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "மேடம், மேனேஜர் லேப்டாப்புல வைஃபை ஏன் நிக்க மாட்டேங்குது?"

மருதாசலம் இருபது வருஷம் பேக்கிங்ல இருந்தவர். அவர் கட்டின பெட்டிக்குள்ள மோட்டார் அசையாது, ஆடாது, லாரி குப்புற விழுந்தாலும் கடகடன்னு சத்தம் வராது. முதுகுல டிஸ்க் விலகினதும், இனி எடை தூக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். கெஞ்சிக் கூத்தாடி கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். ஆறு மாசம் பாப்போம்னாங்க. அந்த ஆறு மாசம் அன்னிக்கோட முடியுது.

மேனேஜர் திருவேங்கடம் காலையிலயே சொல்லிட்டார். "மூணு மணிக்குக் கஸ்டமரோட வீடியோ கால். அது நடுவுல அறுந்துச்சுன்னா நாளையிலருந்து நீங்க மறுபடியும் பேக்கிங்தான்."

நாலு நாளா இதே கூத்து. மேனேஜர் டேபிள்ல டாக்னு ஒரு டப்பா, கையளவு. அதுலருந்து வர்ற ஒத்த ஒயரை லேப்டாப்புல சொருகினாப் போதும், பெரிய ஸ்க்ரீன், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் எழுந்து உக்காரும். வைஃபை மட்டும் படுத்துக்கும். மருதாசலம் ஒயரை உருவிட்டு லேப்டாப்பைத் தன் டேபிளுக்குத் தூக்கிட்டு வருவார். வைஃபை ஜம்முன்னு ஓடும். திருப்பிக் கொண்டு போய் சொருகுவார். படுத்துக்கும்.

டிரைவரை அழிச்சு மறுபடி போட்டார். ரவுட்டரை அணைச்சு அணைச்சு எழுப்பினார். டாக்ல சொருகினதும் வைஃபையை நிறுத்துற செட்டிங் ஏதாச்சும் இருக்கான்னு தேடினார், இல்லை. மேனேஜர் தன் பங்குக்கு டேபிளைக் கிழக்கே பாத்துத் திருப்பிப் போட்டார்.

லீவு முடிஞ்சு ரெஜினா அன்னிக்குக் காலையிலதான் வந்தாங்க. மேனேஜர் ரூமை ஒரு சுத்து சுத்திப் பாத்தாங்க. பேசாம சீட்டுக்குப் போய் என்னமோ டைப் பண்ணினாங்க.

ரெண்டரைக்கு மருதாசலம் எதிர்ல வந்து நின்னார்.

"கெட்டுப்போனது லேப்டாப்பா, ரவுட்டரா? அதையாவது சொல்லுங்க மேடம்."

ரெஜினா சிபியுவுல தூசி ஊதுற ப்ளோயரை எடுத்துக்கிட்டாங்க.

"வாங்கண்ணா."

மேனேஜர் ரூம்ல மேனேஜர் இல்லை. ஆபீசைக் கூட்டி டீ குடுக்கற பழனாத்தா மட்டும் டம்ளர் எடுக்க வந்து கதவோரம் ஒதுங்கி நின்னாங்க.

"சேர்ல உக்காருங்க."

"மேனேஜர் சேருங்க மேடம்."

"உக்காருங்க."

உக்காந்தார், சேருக்கே தெரியாத மாதிரி.

"இதைக் காதோரமாப் புடிங்க."

புடிச்சார். ரெஜினா சுவிட்சைப் போட்டாங்க. ப்ளோயர் காதுக்குள்ள புகுந்து ஊதுச்சு. ரெஜினா கதவுகிட்டப் போய், பழனாத்தா பக்கத்துல நின்னு, நிதானமா என்னமோ சொன்னாங்க. மருதாசலத்துக்கு உதடு அசையறது மட்டும் தெரிஞ்சுது.

சுவிட்சை அணைச்சாங்க.

"கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலீங்க."

"காது கெட்டுப்போச்சாண்ணா?"

"நல்லாத்தானுங்க இருக்கு."

"என் வாய்?"

"அது... அதுவும் நல்லாத்தானுங்க இருக்கு."

பழனாத்தா களுக்குனு சிரிச்சாங்க.

"அப்ப எது கெட்டிருக்கு?"

மருதாசலம் கையில இருந்த ப்ளோயரைப் பாத்தார். அதுவும் கெடலை. போன மாசம் வாங்கினது, அருமையா ஊதுது.

"இப்பக் கையை நல்லா நீட்டிப் புடிங்க."

மறுபடி சுவிட்ச். அதே இரைச்சல்தான். ஆனா அதைத் தாண்டிக் குரல் வந்துச்சு.

"ஸ்டாண்டுக்கு அடியில பாருங்கண்ணா."

இடுப்பைப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சார். லேப்டாப் ஸ்டாண்டுக்கு அடியில, லேப்டாப்போட வயித்தை ஒட்டி அந்த டாக். டாக்கை ஒட்டி ஹார்ட் டிஸ்க். ரெண்டையும் சேத்து ஒயரை இறுக்கிச் சுத்தி, மேல நாலு சுத்து பிரவுன் டேப். முனையெல்லாம் அழகா மடிச்சு விட்டிருந்துச்சு.

மருதாசலத்துக்குக் காது சிவந்துடுச்சு.

பிளேடால டேப்பை அறுத்தார். சுருட்டி அவசரமாப் பாக்கெட்டுல போட்டார். டாக்கையும் டிஸ்க்கையும் ஸ்டாண்டை விட்டு ஒரு சாண் தள்ளி வச்சார். லேப்டாப்பைச் சொருகினார். வைஃபை நாலு கோடும் நின்னுச்சு. ஒரு நிமிஷம் பாத்தார். அஞ்சு நிமிஷம் பாத்தார். அப்படியே நின்னுச்சு.

மூணு மணி வீடியோ கால் நாப்பது நிமிஷம் போச்சு. ஒரு தடவை கூட அறுந்து போகல. முடிஞ்சதும் மேனேஜர் ரெண்டு பேரையும் உள்ள கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க பண்ணுனீங்க?"

"டாக்கும் டிஸ்க்கும் ஓடறப்ப நம்ம காதுக்குக் கேக்காத ஒரு இரைச்சல் விடுமுங்க சார். லேப்டாப்பை ஒட்டி இருந்தா வைஃபைக்குக் காது அடைச்சுக்கும். ஒரு சாண் தள்ளி வச்சேனுங்க."

"இவ்வளவுதானா? அதை எவன் கொண்டு போய் அடியில ஒட்டுனது?"

மருதாசலம் ஃபேனைப் பாத்தார். கை தானாப் பாக்கெட்டுக்குப் போச்சு. ரெஜினா இதெல்லாம் காதுல விழாத மாதிரி ப்ளோயர் ஒயரைச் சுத்திட்டிருந்தாங்க.

மறுபடி டம்ளர் எடுக்க வந்த பழனாத்தாதான் அதைத் தட்டுல அடுக்கிட்டே சொன்னாங்க.

"இவருதானுங்க சார் ஒட்டுனாரு. நாலு நாளைக்கு முன்னால நான் இங்கதான் கூட்டிட்டிருந்தேன். லாரியில ஏத்தற பெட்டியாட்டச் சுத்திச் சுத்தி ஒட்டுனாரு. அதான் மேடமும் அப்பவே சொன்னாங்களே, அந்த ஊதற மெசினுச் சத்தத்துல. 'ஒட்டுனது நீங்கதான்னு காலையில பாத்ததுமே தெரியும்ணா. தெரிஞ்சுதான் உங்களை என் செக்‌ஷனுக்கே குடுத்துடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன்'னு."

ரெஜினா ஒயரைச் சுத்தி முடிச்சுட்டு நிமிர்ந்தாங்க.

"இப்பக் கேட்டுச்சாண்ணா?"