கோணல் வீடும் முழக்கோல் மாயாவியும்

வெகு காலத்துக்கு முன்னால், ஆறுகளுக்கு யாரும் பெயர் வைத்திராத காலத்தில், கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் ஒரு மாயாவி இருந்தான். அவன் கையில் எப்போதும் ஒரு முழக்கோல் இருக்கும். முழம் போட்டு அளக்கிற சாதாரணக் கோல்தான். ஆனால் அந்தக் கோலால் அவன் ஒரு வீட்டை அளந்துவிட்டால், அந்த வீடு பளிங்கு மாளிகையாகிவிடும்.

எப்படி என்று கேளுங்கள். சுவர் ஓரமாகக் கோலைப் புரட்டிப் புரட்டி வைத்துக்கொண்டே போவான். "எத்தனை முழம்?" என்று வீட்டுக்காரரைக் கேட்பான். கோல் காட்டிய எண்ணும் வீட்டுக்காரர் வாயில் வந்த எண்ணும் ஒன்றாக இருந்தால், கோலைத் தரையில் தட்டுவான்.

"கல்லாகு, கல்லாகு, என் கோலுக்கு ஆளாகு!"

அவ்வளவுதான். மண் போய்ப் பளிங்கு வரும். இரண்டு அறை பதினாறு அறையாகும். கூரை ஒழுகாது, சுவர் விரிசல் விடாது, வாசல் பெருக்க வேண்டாம். எண் எந்த வீட்டிலும் தப்பியதில்லை. ஏனென்றால் நாட்டிலிருந்த ஒவ்வொரு கொத்தனும் ஒவ்வொரு தச்சனும் அவன் கோலைப் பார்த்துச் செய்த கோலால்தான் வீடு கட்டினார்கள். அது அரசர் ஆணை.

மாளிகைக்குள் போனவர்களுக்கு முதல் மாதம் கால்விரல் சில்லிடும். ஆறாம் மாதம் பாதம் கல்லாகும். வருடம் திரும்பினால் முழங்கால். பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறி, கடைசியில் அந்த மாளிகையில் ஒரு தூண் கூடும். இது ஊருக்கே தெரியும். தெரிந்துதான் வரிசையில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒழுகாத கூரை என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அந்த நாட்டில் சடையன் என்று ஒருவன். அவன் மனைவி பூவாயி. கல்யாணமாகி இரண்டு பேரும் பூவாயியின் அக்கா தங்காயி வீட்டில், பின்பக்கத்து அறையில் இருந்தார்கள். ஒருநாள் மாயாவி வந்தான், அளந்தான், தட்டினான். அக்கா வீடு மாளிகையானது. மாதம் முடிவதற்குள் பூவாயி தன் கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தாள். வலிக்கவில்லை.

"ஏங்க, கிளம்புங்க."

"எங்கே?"

"மண்ணு இருக்கிற இடத்துக்கு."

அன்றைக்கே கிளம்பினார்கள். சொத்து என்று அவர்களுக்கு ஒரு கழுதைதான் இருந்தது. அது பேசும் கழுதை. ஆனால் எதற்கும் எளிதில் வாய் திறக்காது. ஊரைத் தாண்டி, வயலைத் தாண்டி, பனங்காட்டைத் தாண்டி, செம்மண் மேட்டில் போய் அது நின்றது.

"இங்கே," என்றது கழுதை. முதல் தடவை அது பேசியது அப்போதுதான்.

பூவாயியின் விரலில் உயிர் திரும்பியிருந்தது. முள் குத்தியதும் "ஆ!" என்று கத்தினாள். கத்திவிட்டுச் சிரித்தாள்.

ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வீடு வரைந்தாள். "காத்து தெற்கேயிருந்து வருது, அதனால வாசல் தெற்கே. இது அடுப்படி. இது நாம இருக்கிற அறை. நடுவுல முற்றம், மழை உள்ளே வந்து நம்மளைப் பார்த்துட்டுப் போகட்டும்."

"ஒரு பரண் போடு," என்றான் சடையன்.

"பரண் எதுக்கு? எடுத்து வைக்க நம்மகிட்ட என்ன கிடக்கு?"

"நீ கோவிச்சுக்கிட்டா நான் ஏறிப் படுக்க."

"அப்ப பெரிசாவே போடணும்," என்று பரணையும் வரைந்தாள்.

அவர்கள் தமக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். காலையில் புறப்படுகிற கழுதை உச்சிப்பொழுதுக்குள் திரும்பிவிடுகிற தூரம் எதுவோ, அதற்குள் கிடைப்பதை வைத்துத்தான் வீடு. அந்தத் தூரத்தில் பனையோலை கிடைத்தது, வைக்கோல் கிடைத்தது, காற்றில் விழுந்த ஒரு பூவரச மரம் கிடைத்தது. மண் காலடியிலேயே இருந்தது. மண் எடுத்த பள்ளம் குளமாகட்டும் என்று விட்டார்கள். மண்ணில் வைக்கோலைப் போட்டு, தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்து, இரண்டு பேரும் இறங்கி மிதித்தார்கள்.

"மிதி மிதி, மண்ணே குழை. இன்னைக்குச் சேறு, நாளைக்குச் சுவரு, நாளன்னைக்கு நிழலு!"

மண்சுவரை ஒரே நாளில் எழுப்ப முடியாது. ஒரு முழ உயரம் வைத்தால் நிறுத்த வேண்டும். அது காய்ந்த பிறகுதான் அதன் மேல் அடுத்தது. அதனால் நேரம் மிச்சமாகட்டும் என்று சுவர்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கிழக்குச் சுவர் அவளுக்கு, மேற்குச் சுவர் அவனுக்கு. வரைபடப்படி இரண்டுமே பன்னிரண்டு முழ நீளம்.

சுவர் பாதி எழும்பிக் கொண்டிருந்தபோது அரசாங்க அதிகாரி பல்லக்கில் வந்தார். பெருமைக்காகப் பல்லக்கு என்று நினைக்காதீர்கள், அவரால் நடக்க முடியாது. இடுப்பு வரைக்கும் பளிங்கு.

"அரசர் ஆணை," என்று ஓலையைப் பிரித்தார். "ஐப்பசி மழைக்குள் நாட்டில் ஒரு மண்வீடும் இருக்கக் கூடாது. மாயாவி வருவார். அளக்க விட வேண்டும்."

"மாட்டேன்னா?" என்றாள் பூவாயி.

அதிகாரி ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதற்கு இதில் ஒன்றும் எழுதவில்லை. இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை."

"அப்ப எழுதிக்கிட்டு வாங்க. அதுக்குள்ள நாங்க சுவரை முடிச்சிடுறோம்."

முடித்தார்கள். வடக்குச் சுவருக்காக இரண்டு முனையையும் கயிறு கட்டி இணைத்தபோதுதான் தெரிந்தது. கயிறு கோணிக்கொண்டு நின்றது.

"உன் சுவர் குட்டை," என்றான் சடையன்.

"பன்னிரண்டு முழம், பிசகில்லாம அளந்தேன். உங்க சுவர்தான் நீளம்."

"நானும் பன்னிரண்டுதான் அளந்தேன்!"

"எதை வச்சு அளந்தீங்க?"

சடையன் முழங்கையை நீட்டினான். பூவாயி தன் முழங்கையை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு விரல்கடை வித்தியாசம். முழத்துக்கு இரண்டு விரல் என்றால் பன்னிரண்டு முழத்துக்கு எவ்வளவு ஆகும்? அவள் கையால் சரியாக ஒரு முழம்.

கோல் வைத்துக் கட்டுகிற எவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். கோல் இல்லாமல், ஆளுக்கொரு கையோடு வந்தவர்கள் செய்கிற தப்பு இது. இரண்டு நாள் பேச்சு இல்லை. பரண் இன்னும் போடாததால் சடையன் குளத்துப் பள்ளத்தில் போய் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் நாள் கழுதை வந்தது. கிழக்குச் சுவரை முகர்ந்தது. மேற்குச் சுவரை முகர்ந்தது.

"ரெண்டும் சரி," என்றது. இரண்டாம் தடவை.

இடித்துக் கட்ட நாள் இல்லை. வடக்குச் சுவரைச் சாய்வாகவே ஓடவிட்டார்கள். உயரமும் அதே மாதிரி அவரவர் கையால் அளந்ததால் கூரை கிழக்கே கொஞ்சம் தாழ்ந்தது. பார்த்தால் வீடு ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும்.

ஊர் மாடங்களிலிருந்து பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒருநாள் ஊருக்குள் போன பூவாயியைத் தங்காயியும் மாடத்திலிருந்து கூப்பிட்டாள். "அடியே, வெட்கமா இல்லையா உனக்கு? ஆடு மாடு கூட அந்தக் கோணல்ல ஒண்டாது. இங்கே பதினாறு அறை கிடக்கு, வா."

"பதினாறுல நீ எத்தனை அறைக்குள்ள நடந்து போற அக்கா?"

தங்காயி முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். இரண்டு பாதமும் கல்லாகி ஒரு மாதமாகியிருந்தது.

வானம் கறுத்த ஒரு காலையில் மாயாவி வந்தான். அதிகாரியின் பல்லக்கு பின்னால் வந்தது.

"இதென்ன, வீடா?" என்றான் மாயாவி.

"எங்களுக்கு வீடுதான்," என்றான் சடையன்.

மாயாவி கிழக்குச் சுவரில் கோலைப் புரட்டினான். பத்து முழம், அப்புறம் கொஞ்சம். மேற்குச் சுவரில் புரட்டினான். பதினொன்று, அப்புறம் கொஞ்சம். எதிலும் எண் முழுசாக வரவில்லை. அவன் முகம் சுருங்கியது. இப்படி ஒரு வீட்டை அவன் கண்டதில்லை.

"எந்த முழத்தில் கட்டினீர்கள்? காட்டுங்கள். என் கோலை அதன்படி வெட்டிக்கொள்கிறேன்."

சடையன் கையை நீட்டப் போனான். பூவாயி முந்திக்கொண்டாள். கோலை வெட்டலாம், வளர்க்க முடியாது, தன் குட்டை முழத்துக்கு வெட்டினால் சடையன் முழத்துக்கு எட்டாது என்று அவளுக்கு அந்த நொடியில் தோன்றியது.

"இதோ, என் முழம். வெட்டிக்கோ."

மாயாவி அவள் முழங்கை அளவுக்குக் கோலை நறுக்கினான். கிழக்குச் சுவரை அளந்தான். "பன்னிரண்டு! உன் எண்?"

அவள் கட்டிய சுவர் அது. அவள் பொய் சொல்லவில்லை. "பன்னிரண்டு," என்றாள்.

"கல்லாகு, கல்லாகு, என் கோலுக்கு ஆளாகு!"

கிழக்குச் சுவர் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. நீட்டிய கையோடு நின்ற பூவாயியின் பாதமும் வெளுத்தது. மற்றவர்களுக்கு வருடமெடுத்தது அவளுக்குக் கண்முன்னால் ஏறியது.

"பூவாயி!" என்று ஓடினான் சடையன்.

மாயாவி அவசரமே இல்லாமல் மேற்குச் சுவரை அளந்துகொண்டு வந்தான். "பதின்மூன்று முழம். நீ பதின்மூன்று என்று சொல்லு. இரண்டு பேரும் ஒரே மாளிகையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். சொல்லாவிட்டால் அவள் மட்டும் கல். நீ தனி ஆள். எத்தனை?"

முழங்கால் வரைக்கும் கல்லான பூவாயி கேட்டாள். "ஏங்க, உங்க கையால அளந்தது எத்தனை?"

"பன்னிரண்டு," என்றான் சடையன்.

கோல் மாயாவியின் கையில் நடுங்கியது. கல் அவள் இடுப்புக்கு ஏறியது.

"பதின்மூன்று!" என்று கத்தினான் மாயாவி. "கோல் சொல்கிறது பதின்மூன்று! எத்தனை?"

"ஏங்க," பூவாயியின் குரல் உள்ளே போய்விட்டது. "உங்க கையால?"

"பன்னிரண்டு."

கோலில் ஒரு கீறல் விழுந்தது. கல் அவள் கழுத்தைத் தாண்டி உதட்டை மூடியது.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் நின்றுவிடுவேன். நானாக இருந்தால்? ஓர் எண்தானே, ஒன்று கூட்டிச் சொன்னால் அவள் பக்கத்திலேயே நிற்கலாமே என்று சொல்லியிருப்பேனோ? இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சடையனுக்கும் தெரிந்திருக்காது. கோல் உடையும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

"கடைசித் தடவை," என்றான் மாயாவி, மெதுவாக, கிட்டத்தட்டப் பிரியமாக. "பதின்மூன்று என்று சொல்லிவிடு அப்பா. அவளும் பேசமாட்டாள், திட்டமாட்டாள். எத்தனை?"

இந்தத் தடவை கேட்க அவளுக்கு வாய் இல்லை. நீட்டிய கை மட்டும் கல்லாக நின்றது. சடையன் அதன் பக்கத்தில் தன் முழங்கையை வைத்துப் பார்த்தான். இப்போதும் இரண்டு விரல் வித்தியாசம்.

"அவ கை அவ கை. என் கை என் கை," என்றான். கண்ணிலிருந்து வழிந்ததை அவன் துடைக்கவில்லை. "என் சுவர் பன்னிரண்டு முழம். நீ தலைகீழா நின்னு அளந்தாலும் பன்னிரண்டுதான்!"

படீரென்று கோல் வெடித்தது. இரண்டாக, நான்காக, பல் குத்தக்கூட உதவாத சிராய்களாக.

மாயாவி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். கழுதை பக்கத்தில் வந்து பார்த்தது.

"எட்டலையே," என்றது. மூன்றாம் தடவை.

கோல் இல்லாத மாயாவிக்குத் தன் உயரம்கூடத் தெரியவில்லை. ஒரு நொடி பனைமரம் போல நீண்டான், ஒரு நொடி சுண்டைக்காயாகச் சுருங்கினான், முதல் மழைத்துளி விழுந்தபோது எங்கே போனான் என்று யாரும் பார்க்கவில்லை.

மழை நாட்டின் மேல் பெய்தது. பளிங்கு கரைந்து மண் வந்தது. தூண்கள் தும்மின. அரசர் ஆறு வருடத்துக்குப் பிறகு சிம்மாசனத்திலிருந்து எழுந்து, நடை மறந்துபோய்க் குப்புற விழுந்தார். விழுந்ததும் வலித்தது. வலித்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதிகாரி பல்லக்கிலிருந்து குதித்துச் சேற்றில் ஓடினார்.

பூவாயி கண்ணைத் திறந்தாள். "கையை எடுங்க. மரத்துப்போச்சு."

சடையன் எடுக்கவில்லை.

ஊரிலிருந்து வெறுங்காலோடு தங்காயி வந்து சேர்ந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கூரை தாழ்ந்த பக்கமாக மழைநீர் முழுவதும் ஓடி, மண் எடுத்த பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"கோணல்தான்," என்றாள். "எனக்கும் ஒன்று கட்டணும் தம்பி."

"உங்க முழத்துலதான் மதினி," என்றான் சடையன். "முதல்ல சேத்துல இறங்குங்க."

"மிதி மிதி, மண்ணே குழை!" என்று மூன்று பேரும் மிதித்தார்கள்.

பிறகு அரசர் நொண்டிக்கொண்டே நேரில் வந்தார். ஆளுக்கொரு கையால் அளந்து கட்டிக்கொள்ளலாம் என்று புது ஆணை போட்டார். அரண்மனையில் பாதி தருகிறேன் என்றார். பூவாயி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூரைக்கு ஒரு வண்டி பனையோலையும் கழுதைக்கு ஒரு கட்டுப் புல்லும் கேட்டாள். கிடைத்தது. பரணும் போட்டார்கள். பெரிதாகவே.

கிழக்குச் சுவரின் மூலையில் ஒரு சாண் பளிங்கு மட்டும் என்ன காரணமோ மறுபடி மண்ணாகவில்லை. வழவழவென்று, வெள்ளை வெளேரென்று, இன்னமும் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்து, இது எதற்கு என்று கேட்பார்கள்.

"தேங்காய் உடைக்க," என்பாள் பூவாயி.