மொட்டைவால் குதிரை

செம்பியூர் ராஜா விக்கிரமசூரருக்குப் பல் வலித்தால்கூட யாரையாவது சிறையில் போட்டால்தான் வலி தீரும். அன்றைக்கு வந்தது பல்வலி இல்லை, குதிரை. அயல்நாட்டிலிருந்து கப்பலில் வந்த வெள்ளைக் குதிரை. வாலை மட்டும் யாரோ ஒட்டச் சிரைத்திருந்தார்கள்!

"இதில் ஏறி நான் ஊர்வலம் போகவா? ஊரே பின்னால் நின்று சிரிக்கும்!" என்று ராஜா கத்தினார். குதிரையைத் தருவித்த வியாபாரி மாசிலாமணி கைகூப்பி முன்னால் வந்தான்.

"மகாராஜா, பேசிய விலை ஐந்நூறு பொன். முழுசாகத்தான் அனுப்பினேன். அங்கே போய்ச் சேர்ந்தது நானூற்றைம்பதுதானாம். வந்த பணத்துக்கு இவ்வளவு குதிரைதான் என்று விற்றவன் வாலை மழித்துவிட்டான்."

"மீதியை நீதான் விழுங்கியிருப்பாய். போடுங்கள் இவனை உள்ளே!"

அமைச்சர் அப்பாண்டைக்கு மனசு கேட்கவில்லை. மாசிலாமணி ஒரு காசுக்கும் ஆசைப்படாதவன். அந்தப் பணத்தை அயல்நாட்டுக்கு அனுப்பிக் கொடுத்த காசுக்கடைத் தனகோடியை அழைத்துவரச் சொன்னார். அவன் முழ நீள மீசையைத் தடவிக்கொண்டே வந்தான்.

"நான் கூலியே வாங்குவதில்லை சாமி! எல்லாம் தர்மத்துக்குத்தான். அந்த நாட்டுக் காசாக மாற்றும்போது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்."

"எவ்வளவு குறையும்?"

"அதெல்லாம் முன்கூட்டிச் சொல்ல முடியுமா? போய்ச் சேர்ந்த பிறகு தானாகத் தெரியும்."

அப்பாண்டைக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சிரித்தார். "இப்பேர்ப்பட்ட தர்மவானுக்கு நாமும் இலவசமாக ஏதாவது செய்ய வேண்டாமா? அரண்மனை நாவிதரைக் கூப்பிடுங்கள். ஐயாவின் மீசையைத் திருத்தட்டும்!"

தனகோடிக்கு வாயெல்லாம் பல். அரண்மனை நாவிதர், அதுவும் ஓசியில்! சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். நாவிதர் கத்தியைத் தீட்டி மூக்கருகே கொண்டுவந்ததும் அவன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"யப்பா, எவ்வளவு எடுப்பாய்?"

"கொஞ்சம் குறையும்" என்றார் அப்பாண்டை.

"கொஞ்சம் என்றால்?"

"அதெல்லாம் முன்கூட்டிச் சொல்ல முடியுமா? சிரைத்து முடித்த பிறகு தானாகத் தெரியும்."

கத்தி உதட்டில் ஜில்லென்று பட்டது. தனகோடி துள்ளி எழுந்தான்.

"அநியாயம்! எவ்வளவு போகும், எவ்வளவு மிஞ்சும் என்று முதலில் சொல்லிவிட்டுக் கத்தியை வையுங்கள்!"

அப்பாண்டை ஓலை எழுதுபவர் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொண்டீரா? இன்றுமுதல் எல்லாக் காசுக்கடைக்கும் இதுதான் சட்டம். 'கத்தியை' என்று வருகிற இடத்தில் மட்டும் 'பணத்தில் கையை' என்று போட்டுக்கொள்ளும்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். மாசிலாமணியை விடுவித்து, ஐம்பது பொன்னைத் தனகோடியிடமிருந்து கறந்து அவனிடம் கொடுக்கச் சொன்னார். அப்பாண்டையின் கழுத்தில் முத்துமாலை விழுந்தது.