ஆள்காட்டியும் அளவில்லாத இடமும்

கேளுங்கள் பிள்ளைகளே. காட்டாறு குறுக்கே ஓடும் காடு ஒன்றில் அங்காயி என்ற ஆள்காட்டிக் குருவி இருந்தாள். மலையடியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதும், வெள்ளம் வந்தால் கத்தி ஊரைக் கூட்டுவதும் அவள் வேலை. அவள் கத்தினால்தான் ஆற்றோரத்து வளைகளில் இருப்பவர்கள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவார்கள்.

ஆனால் வளைகள் பெருகிப் பெருகிக் கீழ்க்கரை வரைக்கும் போய்விட்டன. அவ்வளவு தூரத்துக்கு அவள் குரல் எட்டவில்லை.

"ஒரு இணையதளம் தொடங்குங்கள் அக்கா. வெள்ளம் வந்தால் அதில் போட்டுவிடுங்கள். நாங்கள் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறோம்" என்றது கீழ்க்கரை முயல். அதற்கு அப்போதுதான் நான்கு குட்டிகள் பிறந்திருந்தன.

நல்ல யோசனைதான். தளத்தை அங்காயி இரண்டே நாளில் செய்துவிட்டாள். ஆனால் அதை யாருடைய கணினியில் குடிவைப்பது? எந்நேரமும் திறந்து காட்ட ஒருவர் வேண்டுமே. அந்த வேலைக்கு ஹோஸ்டிங் என்று பெயராம். அந்தக் காட்டில் அதைச் செய்தவர்கள் இருவர்.

முதலில் பாறைக்குகை முள்ளம்பன்றியிடம் போனாள். அது ஒரு சிடுமூஞ்சி. வா என்றுகூடச் சொல்லவில்லை.

"ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்ப்பார்கள்?"

"தெரியாதே அண்ணே."

"எந்த நாளில் கூட்டம் வரும்?"

"மழை நாளில் வரும் என்று நினைக்கிறேன்."

"உன் இணையப் பக்கம் நின்றுபோனால் யாருக்கு என்ன நஷ்டம்?"

அங்காயிக்குத் தலை சுற்றியது. இடம் கேட்டு வந்தவளை இப்படியா குடைந்தெடுப்பது? "யோசித்துச் சொல்கிறேன் அண்ணே" என்று கிளம்பிவிட்டாள்.

இன்னொருவரான நரியோ வாசலுக்கே வந்து வரவேற்றது. "வா தங்கச்சி, உட்கார். அளவில்லாத இடம் தருகிறேன். அளவில்லாத பேண்ட்வித். பகிர்வு சர்வர். எஸ்.எஸ்.எல். இலவசம். நீ ஒன்றும் யோசிக்க வேண்டாம்."

அவளுக்கு 'அளவில்லாத', 'இலவசம்' என்ற இரண்டு சொற்கள்தான் புரிந்தன. பேண்ட்வித் என்பது தின்பதா, பூசிக்கொள்வதா? பகிர்வு சர்வர் என்றால் யாரோடு எதைப் பகிர வேண்டும்? கேட்டுவிடலாம் என்று அலகைத் திறந்தாள். பக்கத்தில் இரண்டு கொக்குகள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தன. இதுகூடத் தெரியாதா என்று அவை சிரித்துவிட்டால் மானம் போய்விடுமே. திறந்த அலகை மூடிக்கொண்டாள்.

"எல்லாம் புரிகிறதா தங்கச்சி?"

"நன்றாகப் புரிகிறது அண்ணே" என்று தலையை ஆட்டினாள். பாவி மகள், ஒரு தடவைக்கு மூன்று தடவை ஆட்டினாள். தளம் அன்றைக்கே நரியிடம் குடியேறியது.

"இனிமேல் என் குரலுக்குக் காத்திருக்காதீர்கள். பக்கத்தைப் பாருங்கள்" என்று கரை முழுக்கச் சொல்லி வந்தாள். வெயிலடித்த அந்த நாட்களில் பக்கம் தட்டினவுடன் திறந்தது. இதற்குப் போய் அவ்வளவு குழம்பினோமே என்று அவளுக்கே சிரிப்பாக இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் மலையில் மழை கொட்டியது. ஆறு செந்நிறமாகப் பொங்கி இறங்குவதை அங்காயி பார்த்தாள். அவசரமாகத் தளத்தைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூடித் திறந்தாள். அதே வட்டம். தன் கைப்பேசிதான் கெட்டுவிட்டதோ, மழையால் வந்த கோளாறோ, ஒன்றும் விளங்கவில்லை. நரியை அழைத்தாள்.

"அண்ணே, என் பக்கம் செத்துக் கிடக்கிறதே."

"சாகவில்லை தங்கச்சி, வரிசையில் நிற்கிறது. மழையைக் கண்டதும் மயில் ஆடத் தொடங்கிவிட்டது. ஆட்டத்தைக் காட்டும் அதன் தளமும் இதே கணினியில்தான் இருக்கிறது. காடே அதைப் பார்க்க முண்டியடிக்கிறது."

"மயில் ஆடினால் என் பக்கம் ஏன் நிற்க வேண்டும்?"

"பகிர்வு சர்வர் என்றால் அதுதானே? நானூறு பேருக்கு ஒரே கணினி. புரிகிறதா என்று கேட்டேன், நன்றாகப் புரிகிறது என்றாய்."

"அளவில்லாத இடம் என்றீர்களே?"

"இடம் இன்னும் நிறைய இருக்கிறதே. உனக்கு எவ்வளவு வேண்டும்?"

அங்காயி அழைப்பைத் துண்டித்தாள். தொண்டை கிழியக் கத்திக்கொண்டே கீழ்க்கரைக்குப் பறந்தாள். தண்ணீர் அவளுக்கு முன்னால் போய்விட்டது.

மேட்டில் முயல் நனைந்து நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் மூன்று குட்டிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அங்காயி திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். மூன்றுதான்.

முயல் அவளைத் திட்டவில்லை. "நீங்கள் சொன்னபடி பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் அக்கா" என்றது. "அதில் ஒன்றுமே வரவில்லை. வெள்ளம் இல்லை போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்."

நீதி: புரியாததற்குத் தலையாட்டாதே; நீ கேட்க வெட்கப்பட்டதற்கு, உன்னை நம்பியவர்கள் விலை கொடுப்பார்கள்.