எறும்பு சொன்ன அளவை

சாமிக்குப் படைக்கும் முன்னாலேயே சர்க்கரைப் பொங்கல் காணாமல் போனது. ஊரைவிட்டே துரத்தும் குற்றம் அது. மடப்பள்ளியில் வெல்லம் தட்டும் நல்லக்காளைப் பிடித்து ஜமீன்தார் முன்னால் நிறுத்தினார்கள். வீட்டுக்குக் கிளம்பிய தர்க்கப் பண்டிதரையும் விசாரிக்கக் கூப்பிட்டார் ஜமீன்தார்.

"இவள் முந்தானையில் எறும்பு ஊர்கிறது. எறும்பு இருந்தால் இனிப்பு உண்டு. ஆகவே இவளே திருடி! இதற்குப் பெயர் அளவை" என்றார் பண்டிதர்.

நல்லக்காள் முந்தானையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "அளவைன்னா என்ன சாமி?"

"படியால் நெல்லை அளக்கிறோமே, அதுபோலத் தெரிந்ததை வைத்துத் தெரியாததை அளப்பது. அதனால்தான் தர்க்கத்துக்கு அந்தப் பெயர்." சொல்லிக்கொண்டே இடுப்பைச் சொறிந்தார்.

"எல்லாருக்கும் ஒரே படிதானுங்களே?"

"அதிலென்ன சந்தேகம்?"

"பொழுதெல்லாம் வெல்லம் தட்டுற என் சேலையில எறும்பு வராட்டித்தான் அதிசயம். மடப்பள்ளிப் பக்கமே வராத உங்க மடியில ஏனுங்க சாமி இத்தனை எறும்பு?"

பண்டிதர் சட்டென்று மடியைப் பொத்திக்கொண்டார்.

"அளந்தது போதும் பண்டிதரே, மடியை அவிழ்த்துக் காட்டும்!" என்றார் ஜமீன்தார்.

பண்டிதர் மடியை அவிழ்த்தார். கீழே விழுந்த வாழையிலைப் பொட்டலத்தில் பொங்கல் இன்னும் சூடு ஆறவில்லை.