எதிரி இல்லாத மூலை

ஒரு காட்டில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. அதில் கருவாலன் என்ற விரால் மீனும் அவன் மனைவி புள்ளியாளும் வாழ்ந்தார்கள். கருவாலனுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். இலை விழுந்தால் திரும்பிப் பார்ப்பான். குமிழி வெடித்தால் பாய்ந்து போய்க் கடிப்பான். ஓர் இடத்தில் நிற்கவே மாட்டான்.

அவனைக் குறை சொல்ல முடியாது, குழந்தைகளே. விரால் வீட்டில் முட்டைக்குக் காவல் இருப்பது அப்பாவின் வேலை. போன மழைக்காலத்தில் அவன் சற்றே கண் அசந்தபோது நண்டு வந்து பாதி முட்டைகளைத் தின்றுவிட்டது. மீதியைத் தவளைகளும் பூச்சிகளும் பங்கு போட்டுக்கொண்டன. ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை.

மறுபடியும் புள்ளியாள் முட்டையிடும் நாள் நெருங்கியது. கருவாலன் இருப்புக் கொள்ளாமல் ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கோரைப் புதரில் தவளை இருந்தது. தாமரை இலைக்கு அடியில் பாம்பு இருந்தது. பாறை இடுக்கில் அந்தப் பழைய நண்டு இருந்தது.

கடைசியில் வடக்கு மூலைக்கு வந்தான். காட்டுக்கு வெளியே, உலோகச் சாமான்களுக்கு முலாம் பூசும் பட்டறைகள் இருந்தன. அவற்றின் கழுவுநீரைச் சுமந்து வந்த ஓடை அங்கேதான் ஏரியில் விழுந்தது. தண்ணீர் அடிமண் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. தவளை இல்லை, பாம்பு இல்லை, ஒரு பூச்சிகூட இல்லை. கருவாலனுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. உடனே மனைவியை அழைத்து வந்து காட்டினான்.

“தண்ணீர் நாக்கில் ஒரு மாதிரி உறைக்கிறதே?” என்றாள் புள்ளியாள்.

“நானும்தான் குடித்தேன். எனக்கு என்ன ஆகிவிட்டது?” என்றான் கருவாலன்.

அங்கே புல்கூட முளைத்திருக்கவில்லை. அவன் தூரத்திலிருந்து கோரைத் தண்டுகளை வாயால் கவ்வி இழுத்து வந்து கூடு கட்டினான். அதைப் பார்த்த நண்டு, எட்ட நின்றபடியே பேச்சுக் கொடுத்தது.

“விராலண்ணே, அங்கே வேண்டாம். முன்பு நான் குடியிருந்த இடம்தான் அது. நான் உரித்த ஓட்டுக்குப் பதில் வந்த புது ஓடு இறுகவே இல்லை. என் பிள்ளைகளுக்குக் கால்கள் சரியாக முளைக்கவில்லை. அதனால்தான் கிளம்பி வந்தேன்.”

“முட்டை திருடிக்கு என் முட்டைமேல் என்ன அக்கறை? உன் வாய்க்கு எட்டுகிற இடத்தில் நாங்கள் முட்டையிட வேண்டும், அதுதானே உன் எண்ணம்?” என்று சீறினான் கருவாலன்.

போன வருடம் நண்டு தின்றது உண்மைதானே. அது பக்கவாட்டில் நடந்து போய்விட்டது.

புள்ளியாள் முட்டையிட்டாள். காவலுக்கு வேலையே இல்லை. யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருந்தும் கருவாலனுக்கு நிம்மதி வரவில்லை, ஏனென்றால் குஞ்சு பொரிக்க வேண்டிய நாள் கடந்துகொண்டே போனது. பாதி முட்டைகள் வெளுத்துப் போயின. மீதியிலிருந்து வந்த குஞ்சுகளுக்கு முதுகு தூண்டில் முள்ளைப் போல வளைந்திருந்தது. நேராக நீந்தத் தெரியாமல் இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தன.

விரால் குஞ்சு வளர வளர, மேலே வந்து காற்றை விழுங்க வேண்டும். இல்லாவிட்டால் பிழைக்காது. இந்தக் குஞ்சுகளால் மேலே வர முடியவில்லை. கருவாலன் ஒவ்வொன்றாக மூக்கால் முட்டி மேலே தள்ளினான். ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று அடியில் போய் விழுந்தது. புள்ளியாளும் தள்ளிப் பார்த்தாள். ஒன்றும் பிழைக்கவில்லை. இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.

“யாருமே வரவில்லையே, நான் நகரவே இல்லையே,” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான் கருவாலன்.

அடுத்த முறை அவர்கள் நண்டின் பாறைக்குப் பக்கத்திலேயே கூடு கட்டினார்கள். கருவாலன் தூங்கவில்லை. தவளையைத் துரத்தினான், பாம்போடு மோதிச் செதிலைக் கிழித்துக்கொண்டான். நண்டு வழக்கம்போல் கொஞ்சம் திருடியது. ஆனாலும் மிஞ்சிய முட்டைகளிலிருந்து குஞ்சுகள் நேரான முதுகோடு வந்தன. கூட்டமாக மேலே ஏறிக் காற்றை விழுங்கின.

ஒரு நாள் காலையில் நண்டு தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவசர அவசரமாகத் தெற்கே போவதைக் கருவாலன் கண்டான். பழைய கருவாலனாக இருந்திருந்தால், விட்டது தொல்லை என்று துள்ளியிருப்பான்.

“எங்கே போகிறாய்?” என்று கேட்டான்.

“அந்தத் தண்ணீர் இங்கேயும் வந்துவிட்டது, அண்ணே.”

கருவாலன் உடனே புள்ளியாளை அழைத்தான். குஞ்சுகளை ஒன்று திரட்டினான். முட்டை திருடிய நண்டின் பின்னாலேயே வேகமாக நீந்திப் போனான்.

நீதி: எதிரிகூடத் தங்க முடியாத இடம் நமக்குப் பாதுகாப்பான இடம் ஆகாது.