எலுமிச்சம்பழத்தில் நின்ற இரதம்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்குப் பொழுதும் போகாமல் கோபமும் ஆறாமல் இருந்த நாளில், மகுடவர்மன் என்றொரு அரசர் ஒரு நாட்டை ஆண்டுவந்தார். அவருடைய அவையில் கூத்தபிரான் என்றொரு விகடன் இருந்தான். அவன் வீட்டுக்கும் அரண்மனைக்கும் ஒரு வெற்றிலை மெல்லுகிற தூரம்தான். வீட்டில் வாயில் போட்டால் கோட்டை வாசலில் துப்பலாம். அதனால் அவன் நடந்தே போய்வந்தான்.

ஒருநாள் அண்டை நாட்டுத் தூதன் அவைக்கு வந்தான். கூத்தபிரானின் காலில் இருந்த புழுதியைப் பார்த்து, "உங்கள் அவையில் உழவும் நடக்குமோ?" என்று கேட்டுவிட்டுப் போனான். அரசருக்கு முகம் கறுத்துவிட்டது.

"வரும் பௌர்ணமி முதல் என் அவைக்கு வருகிறவர்கள் இரதத்தில்தான் வரவேண்டும். நடந்து வருகிறவன் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்!"

அவையில் இரதம் இல்லாதவன் கூத்தபிரான் ஒருவனே. இதைக் கேட்டதும் இரதசாலைத் தலைவர் பூவராகருக்குப் பாயசம் குடித்ததுபோல் இருந்தது. விகடனின் பேச்சுக்கு அரசர் சிரிக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தவர் அவர்.

"வருந்த வேண்டாம் விகடரே," என்று எழுந்தார். "எனக்குச் சொந்தமாகப் புது இரதம் ஒன்று உண்டு. குதிரைகளோடு ஐந்தாண்டுக் குத்தகைக்குத் தருகிறேன். உமது மானிய நெல்லில் பாதி எனக்கு."

"நடுவில் வேண்டாம் என்று தோன்றினால்?"

"நீராகக் கொண்டுவந்து விட்டால், உமது வீடு எனக்கு. நானாக எடுத்துக்கொண்டு போனால், குத்தகை அன்றோடு முடிந்தது. இன்னும் ஒன்று. கடிவாளம் உமது கைக்கு வந்த நொடியில் இரதம் எப்படி இருந்ததோ, நான் எப்போது வந்து பார்த்தாலும் அப்படியே இருக்க வேண்டும். இம்மி மாறினாலும் வீடு எனக்குத்தான்."

அரசர் தலையாட்டினார். அவையை விட்டால் கூத்தபிரானுக்குப் பிழைப்பு ஏது? அவனும் தலையாட்டினான்.

பூவராகர் சும்மா கொடுப்பாரா? ஊரே பார்க்க வேண்டும் என்று இரதத்தைக் கோட்டை வாசலின் நட்ட நடுவில் நிறுத்தினார். பூமாலை சாத்தி, சந்தனம் தெளித்து, இரண்டு சக்கரத்தையும் ஒட்டி முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார். தாமே கற்பூரத் தட்டை ஏந்திச் சுற்றினார். ஒரு கையில் தட்டோடு, மறு கையால் கடிவாளத்தைக் கொடுத்தார். கூத்தபிரான் குதிரையைத் தட்டினான். பழம் இரண்டும் நசுங்கின. ஊர் கைதட்டியது.

அதன்பிறகுதான் வினை. குதிரைகளைத் தேய்த்து, சேணம் போட்டு, நுகத்தில் பூட்டி முடிப்பதற்குள் நடந்தே மூன்று முறை அரண்மனைக்குப் போய்வரலாம். நாளைக்கு ஒரு மரக்கால் கொள்ளு. அச்சுக்கு விளக்கெண்ணெய்.

"குதிரைகள் கொள்ளு தின்கின்றன. நாம் குதிரைகளைப் பார்த்துக்கொண்டு கஞ்சி குடிக்கிறோம்," என்றாள் மனைவி அலர்மேலு. "அந்த மனுசர்கிட்டயே திருப்பிக் கொடுத்துத் தொலையுங்களேன்!"

"கொடுத்தால் வீடு போகுமடி."

"வைத்திருந்தால்?"

"வயிறு போகும்."

இரண்டு மாதம் கழித்துப் பூவராகர் சோதனைக்கு வந்தார். மாலை போட்ட தூணைப் பார்க்கவில்லை, மெத்தையைப் பார்க்கவில்லை. நேரே குனிந்து சக்கரத்தின் இரும்புப் பட்டாவை நகத்தால் சுரண்டினார்.

இந்தப் பட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரச்சக்கரத்தைவிட ஒரு நூல் சிறியதாகத்தான் இரும்பு வளையத்தை அடிப்பார்கள். அதை நெருப்பில் போட்டுப் பழுக்கக் காய்ச்சினால் இரும்பு விரியும். விரிந்த வளையத்தைச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீரைக் கொட்டினால், 'உஸ்' என்று சுருங்கி மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆணியே வேண்டாம். மரம் தேயாமல் காப்பது இந்த வளையம்தான். மரத்துக்குப் பதில் தெருவோடு உரசித் தான் தேய்கிறது. ஆகவே உருளுகிற எந்தச் சக்கரத்தின் பட்டாவும் தேயத்தான் செய்யும். இது பூவராகருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அந்த நிபந்தனையைப் போட்டார்.

"பட்டா தேய்ந்துவிட்டது அரசே!" என்று அவையில் முறையிட்டார். "வீட்டை என்னிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்."

அரசருக்கு மனம் வரவில்லை. "கூத்தபிரானே, மூன்று நாள் தருகிறேன். கைமாறிய நொடியில் இருந்தபடி இரதத்தைச் செய்து காட்டு. இம்மி குறைந்தாலும் வீடு பூவராகருடையது."

கூத்தபிரான் தலை கவிழ்ந்தபடி வீட்டுக்கு வந்தான். இரதத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். சக்கரத்தைப் பார்த்தான், உருண்டால் தேய்கிறது. தேயாத சக்கரம் எது? உருளாத சக்கரம்! சட்டென்று நின்றான்.

"அலர்மேலு, எலுமிச்சம்பழம் இருக்கிறதா?"

"கஞ்சிக்கு ஊறுகாய் போட வைத்திருக்கிறேன். ஏன்?"

"நல்லதாக இரண்டு எடு."

கொல்லனிடம் சொல்லிப் புதுப் பட்டா போட்டான். மூன்றாம் நாள் காலை கடையாணிகளைப் பிடுங்கினான். அச்சின் முனையில் இருக்கும் அந்தச் சின்ன ஆணியை எடுத்துவிட்டால் சக்கரம் தானே கழன்றுவரும். சக்கரங்களைத் தனியாகவும் மேல்கூட்டைத் தனியாகவும் பன்னிரண்டு ஆட்கள் தோளில் சுமந்து கிளம்பினார்கள். பின்னால் குதிரைகள் சும்மா நடந்து வந்தன.

"அடே, இரதம் மனுசன்மேல ஏறிப் போகுதடா!" என்று தெரு சிரித்தது.

கோட்டை வாசலின் நட்ட நடுவில் இறக்கி, சக்கரம் மாட்டி, குதிரைகளைப் பூட்டி, மாலை சாத்திச் சந்தனம் தெளித்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழத்தையும் வைத்தான். பிறகு பூவராகரை அழைத்துவரச் சொன்னான். வந்தவரின் கையில் கற்பூரத் தட்டைக் கொடுத்தான்.

"இது எதற்கு?"

"அன்று தாங்கள் தட்டோடுதானே நின்றீர்கள்? அதுவும் இருந்தால்தானே அந்த நொடி ஆகும்? நன்றாகப் பாருங்கள். இம்மி மாறியிருக்கிறதா?"

பூவராகர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "சரி... சரியாகத்தான் இருக்கிறது. வண்டியை ஓட்டிக்கொண்டு போம்!"

"ஐயோ, ஓட்டுவதா? பழம் நசுங்குமே! பட்டா தேயுமே! பிறகு நீங்கள் வந்து பார்த்தால் என் வீடு என்னாவது? ஐந்தாண்டுக்கு இரதம் இப்படியே நிற்கும். தாங்களும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும். கற்பூரம் அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மணியோசை கேட்டது. அரசர் பட்டத்து யானைமேல் ஆற்றங்கரைக்குப் புறப்பட்டு வந்தார். வழி அடைத்துக் கிடந்தது. யானை தும்பிக்கையை நீட்டி மாலையிலிருந்து ஒரு பூவை எடுத்துத் தின்றது.

"யார் இரதம் இது? நகர்த்துங்கள்!"

"அரசே, நகர்த்தினால் தங்கள் ஆணையை மீறியவன் ஆவேன்," என்று கூத்தபிரான் கைகூப்பினான். "கைமாறிய நொடியில் இருந்தபடி நிற்கிறது. குத்தகைக்கு எடுத்தவன் அசைத்தால் வீடு போகும். உடையவர் எடுத்துப்போனால் யாருக்கும் நட்டமில்லை. சொன்னவரும் அவரே."

அரசர் பூவராகரைப் பார்த்தார். பூவராகர் தட்டைப் பார்த்தார். கற்பூரம் கையைச் சுட்டது.

"பூவராகரே, யானை பொறுக்காது."

வேறு வழி? பூவராகர் தட்டைக் கீழே வைத்து, இரதத்தில் ஏறித் தாமே கடிவாளத்தைப் பிடித்தார். இரண்டு பழமும் நசுங்கின.

"முடிந்தது குத்தகை!" என்றான் கூத்தபிரான்.

அரசர் சிரித்த சிரிப்பில் யானையின் அம்பாரியே ஆடியது. "ஐந்தாண்டை இரண்டு எலுமிச்சம்பழத்தில் முடித்துவிட்டாயே! இனி நீ நடந்தே வா. உன் காலில் புழுதி படிந்தால் அது என் அவைக்கு அழகு என்று அந்தத் தூதனுக்குச் சொல்லி அனுப்புகிறேன்." கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். தம் காலில் இருந்த வெள்ளிப் பூண் செருப்பையும் கழற்றிக் கீழே இறக்கச் சொன்னார்.

கூத்தபிரான் மாலையைச் சட்டென்று கழுத்தில் போட்டுக்கொண்டான். செருப்பை மட்டும் தொடவில்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"என்ன தயக்கம்?" என்றார் அரசர்.

"ஒன்றுமில்லை அரசே. இது தானமா, குத்தகையா? குத்தகை என்றால் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறேன். போட்டால் தேய்ந்துவிடும்."