பூங்கோதைக்குக் கேட்கும் வண்டி

சென்னியப்பன் சைக்கிள் ஓட்டி நாளாகிவிட்டது. முன்பெல்லாம் விடிவதற்குள் கிளம்பி ஆனைமலை வரை போய்த் திரும்புகிறவர். சர்க்கரை நோயில் மனைவி பூங்கோதைக்குப் பார்வை போனது. அவரைத் தனியாக விட்டுவிட்டு இறங்கிப் போகச் சென்னியப்பனுக்கு மனம் வரவில்லை.

போகாமல் இருக்கவும் முடியவில்லை. தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வந்தது. ஒரு நாள் பூங்கோதையின் கை பட்டுக் காபி கொட்டிவிட்டது.

"பாத்து எடுக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டார்.

என்ன சொன்னோம் என்று அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது. பூங்கோதை குனிந்து, தரையைத் தடவித் துணியைத் தேடினார்.

அன்று மாலை பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு எஸ்தரைப் பார்க்கப் போனார்.

எஸ்தர் பொள்ளாச்சியில் சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி தருகிறவர். வயதில் சென்னியப்பனுக்கு மகள் மாதிரி. ஐம்பது வயதுக்கு மேல் சைக்கிளைத் தொட்ட அவருக்கு, ஏற்றத்தில் எப்படி மூச்சு விடுவது என்று சொல்லித் தந்தவர். சென்னியப்பன் அவரைக் கோச் என்றுதான் கூப்பிடுவார்.

"வீட்டுக்குள்ளயே சைக்கிளை மாட்டி மிதிக்கறதுக்கு ஒரு ட்ரெயினர் வாங்கணுங்க கோச். எதை வாங்கலாம்?"

"உங்களுக்கு எப்படி வேணுங்கண்ணா?"

"சத்தமே வரக்கூடாதுங்க. மாடி ரூம்ல போட்டுக்கறேன். அவளுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது."

"அக்கா சொன்னாங்களா, தொந்தரவுன்னு?"

"அவ எங்கீங்க சொல்றா. நானா பாத்து நடந்துக்கோணும்."

எஸ்தர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். காரில் இரண்டு ட்ரெயினர்கள் இருந்தன. ஒன்று புதுசு. சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதில் மாட்ட வேண்டும். இன்னொன்று பழசு. பின்சக்கரம் ஓர் இரும்பு உருளையை அழுத்திக்கொண்டு சுற்றும்.

புதுசை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். மாட்டி முடித்ததும் சென்னியப்பன் ஷூவைத் தேடினார்.

"நீங்க இல்லைங்கண்ணா. நான் மிதிக்கிறேன். நீங்க கீழ போயி அக்கா பக்கத்துல கண்ணை மூடி உக்காருங்க. கேக்குதான்னு சொல்லுங்க."

சென்னியப்பன் கீழே வந்தார். ஜன்னலோரம் பூங்கோதை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடினார்.

ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல மெஷின்தான்.

கொஞ்ச நேரம் போனது. தெருவில் யாரோ கேட்டைத் திறந்தார்கள். அடுப்படியில் ஏதோ உருண்டது. மாடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"அந்தப் பொண்ணு போயிருச்சுங்களா?" என்றார் பூங்கோதை.

"மேலதான் மிதிச்சிட்டிருக்காங்க."

"சத்தத்தையே காணமே. விழுந்துகிழுந்து வச்சிருந்தா?"

"அதெல்லாம் இருக்காது."

சொல்லிவிட்டார். ஆனால் அதற்குமேல் அவரால் கண்ணை மூடியிருக்க முடியவில்லை. எழுந்து மாடிக்குப் போனார்.

எஸ்தர் வியர்க்க வியர்க்க மிதித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சுங்களாண்ணா?"

"இல்லைங்க."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

சென்னியப்பன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பழைய ட்ரெயினரை எஸ்தர் கூடத்திலேயே வைத்தார். சைக்கிளைக் கீழே கொண்டுவந்து, சக்கரத்தைத் திரும்ப மாட்டி, "ஏறுங்க" என்றார்.

முதல் மிதியிலேயே வீடு அதிர்ந்தது. மாவு மில் மாதிரி ஓர் இரைச்சல். சென்னியப்பன் கூச்சப்பட்டு மெதுவாக மிதித்தார்.

"எப்பவும் போறாப்ல போங்க" என்றார் எஸ்தர்.

சென்னியப்பன் கியரை மாற்றினார். இரைச்சல் அடங்கிக் கனத்தது. தலை குனிந்தது, மூச்சு வாங்கியது. மாதக்கணக்கில் காணாத வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. வீட்டையே மறந்து மிதித்தார்.

நிமிர்ந்தபோது பூங்கோதை ஜன்னலோரம் இல்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி, சைக்கிளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

சென்னியப்பன் சட்டென்று நிறுத்தினார். "சத்தம் ஜாஸ்தியா இருக்குதா கோதை?"

"ஏனுங்க நிறுத்திட்டீங்க? ஏத்தத்துல போயிட்டிருந்தீங்களே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூச்சு வாங்குச்சே. அதுக்கு முன்னால நேர் ரோடு. சரிங்களா?"

சென்னியப்பன் மூக்கு நுனி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை வருசமா நான் முழிக்கறதுக்குள்ள போயிருவீங்க. வந்து பையைத் தொங்கவிட்டுட்டுப் பேப்பர் படிப்பீங்க. நீங்க ஓட்டி நான் பாத்ததே இல்லை." பூங்கோதை கையை நீட்டினார். அது ஹேண்டில்பாரில் பட்டது. அங்கேயே வைத்துக்கொண்டார். "மிதிங்க. இந்த ஏத்தம் எப்ப முடியுதுன்னு பாக்கலாம்."

அவர் மிதித்தார். வெகு நேரம் மிதித்தார். இடையிடையே "லாரி வருது, ஓரமா வாங்க" என்று பூங்கோதை சொன்னார். ஒரு தடவை சென்னியப்பன் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் மூச்சு திணறியதும் பூங்கோதைக்குச் சேர்ந்தே கேட்டது.

எஸ்தர் மாடிக்குப் போய்ப் புது ட்ரெயினரைத் தூக்கி வந்து காரில் ஏற்றினார். சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"பழசையே வச்சுக்கட்டுங்களா கோச்?"

"வச்சுக்குங்க."

சென்னியப்பன் கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணே ஒண்ணுதானுங்க. அந்த உருளையில உரசி உரசி டயர் சீக்கிரம் தேஞ்சு போகுமுன்னு எல்லாரும் சொல்றாங்களே."

எஸ்தர் காரின் கதவைத் திறந்தார். உள்ளே கூடத்தில் நின்றிருந்த சைக்கிளின் மணியைப் பூங்கோதை ஒரு தடவை அடித்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரு போற வண்டிங்கண்ணா" என்றார் எஸ்தர். "கொஞ்சம் சீக்கிரம்தான் தேயும்."